எல்லாரும் ஓடி ஏறுற படி

தெற்கு பிலடெல்பியா
ஜூன் மாசம், ஞாயித்துக்கிழமை, பூசைக்குப் போய்ட்டு வந்து எழுதுறது

என் தங்க மக பிலோமினாவுக்கு உன் அப்பன் நுன்சியோ எழுதிக்கிறது. மாதா புண்ணியத்துல நான் இங்க சுகமா இருக்கேன், பல்லு ரெண்டு ஆடுது, நாக்குக்கு மட்டும் ஒரு குறையும் இல்ல. அங்க நியூசிலாந்துல ஆடுங்க எல்லாம் சுகமா, அதுங்களுக்கு அப்புறம் நீயும் மாப்பிள்ளையும் சுகமா, உங்க ஊர்ல மனுஷனைவிட ஆடு ஜாஸ்தின்னு நீதானே சொன்னே அதனால முறைப்படி விசாரிக்கிறேன். உங்கம்மாவும் சுகம். போன்ல நான் உங்கம்மா சுகம்னு சொல்றப்பல்லாம் நீ ஒரு பெருமூச்சு விடுவியே, இந்தத் தடவை விடாதே, காகிதத்தை முழுசா படி. போன்ல சொல்லாம ஏன் எழுதுறேன்னா, போன்ல பேசினா அவ பக்கத்துல உக்காந்து வார்த்தைக்கு வார்த்தை திருத்துவா. அதுவும் இல்லாம இதுல ஒரு விஷயத்தை உன்கிட்ட சொல்லவே மாட்டேன்னு என் வாயால சத்தியம் வாங்கியிருக்கா. வாய்தான் சத்தியம் பண்ணுச்சு, கை பண்ணல, அதனால கையால எழுதுறேன்.

ஈஸ்டருக்கு நீ போன் பண்ணினப்போ சொன்னது ஞாபகம் இருக்கா, ஆகஸ்டுல வருவேன், அதுக்குள்ள அம்மா மாடியை விட்டு இறங்கி வரலேன்னா வீட்டை வித்துட்டு உங்க ரெண்டு பேரையும் ஆத்துக்கு அந்தப் பக்கம் ஜெர்சியில படியே இல்லாத வீட்டுல கொண்டுபோய் வைப்பேன்னு. நீ சொன்னதுல தப்பு இல்ல கண்ணு. கிறிஸ்துமஸ் முடிஞ்ச கையோட துணிக்கூடையோட மாடிப்படியில உருண்டு இடுப்பு மூட்டை உடைச்சுக்கிட்டா, ஆஸ்பத்திரியில புதுசா வெச்சு அனுப்பினாங்க, நம்ம வீட்டுல குளியலறை மாடியிலதானே இருக்கு, அதனால ரெண்டு பசங்க நாற்காலியில வெச்சு மேல தூக்கிட்டுப் போய் விட்டாங்க, விட்டதுதான், அப்புறம் சமையக்கட்டைக்கூட அவ கண்ணால பார்க்கல. தூரத்துல இருக்கிறவளுக்குப் பதைக்கத்தான் செய்யும். ஆனா ஜெர்சின்னியே பாவி மகளே, எங்க அப்பன் காலத்துலேர்ந்து நாங்க அந்தப் பாலத்தைத் தாண்டுறது கடல்ல குளிக்க மட்டும்தான். நீ போனை வெச்சதுக்கு அப்புறம் உங்கம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கிட்டா. அவ அழுதா சத்தம் வராது, காது மடல் மட்டும் செவக்கும், உனக்குத்தான் தெரியுமே. ரெண்டு காதும் செவந்திருந்துச்சு. நான் என்ன பண்ண, தமாஷ் ஒண்ணு சொன்னேன், தலகாணி பறந்து வந்துச்சு. சரி, கைக்கு வலு வந்திருக்குன்னு நெனச்சு மனசைத் தேத்திக்கிட்டேன்.

டாமிக்கான்னு ஒரு பொண்ணு வாரம் ரெண்டு தடவை வந்து காலுக்குப் பயிற்சி குடுக்கிறா. வடக்குப் பக்கத்துக்காரி, ஆறடி உயரம், சிரிச்சா ஜன்னல் கண்ணாடி அதிரும். எலும்பு கூடிருச்சு, மூட்டு இரும்பு மாதிரி இருக்கு, பயம் ஒண்ணுதான் பாக்கின்னு என்கிட்ட தனியா சொன்னா. மாடிப்படியில எந்தக் காலை மொதல்ல வெக்கிறதுன்னு ஒரு பாடம் சொல்லிக்கொடுத்தா பாரு, ஏறும்போது நல்ல கால் முன்ன, இறங்கும்போது அடிபட்ட கால் முன்ன, நல்லது மோட்சத்துக்கு ஏறும் கெட்டது நரகத்துக்கு இறங்கும், அப்படி ஞாபகம் வெச்சுக்கோங்கம்மான்னா. உங்கம்மா அவளை உச்சியிலேர்ந்து பாதம் வரைக்கும் பார்த்துட்டு, அறுபது வருஷமா பூசையில முழங்கால் போட்ட காலுடி இது, இதையா நரகத்துக்கு அனுப்புறேன்னு கேட்டுட்டு அன்னைக்குப் பயிற்சியே செய்யல. டாமிக்கா சமையக்கட்டுக்கு வந்து வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா, அப்புறம் சிரிப்பு நின்னு போச்சு. கோடைக்குள்ள இறங்கலேன்னா அந்தப் பயம் அப்படியே உறைஞ்சிடும் ஐயா, அப்புறம் யாராலயும் இறக்க முடியாதுன்னா. உன்கிட்ட இதை அப்ப சொல்லல, இப்ப சொல்றேன்.

இப்ப தமாஷுக்கு வர்றேன். நம்ம எதிர்வீட்டு வாசல்ல அந்தக் குத்துச்சண்டை சினிமாவை ஷூட்டிங் எடுத்துட்டுப் போனதுலேர்ந்து ஊர் உலகமே வந்து நின்னு படம் பிடிக்குதே, அது இன்னும் ஓயல. நீ சின்னப் புள்ளையில அவங்களுக்கு எலுமிச்சை ஐஸ் வித்தது ஞாபகம் இருக்கும். எதிர்வீட்டுக்காரன் பாவம் பகல்ல திரையை விலக்கிறதே இல்ல. ஈஸ்டர் கழிஞ்ச வாரம் வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்திருந்தேன், பிரேசில்காரப் பசங்க நாலு பேரு வந்தாங்க. தாத்தா நீங்க அந்த ஷூட்டிங் பார்த்தீங்களான்னு கேட்டாங்க. நான் அந்த வருஷம் ராணுவத்துல உருளைக்கிழங்கு உரிச்சிட்டு இருந்தேன், ஆனா அதைச் சொன்னா பசங்க மனசு கஷ்டப்படுமே. பார்த்தேனாவா, அந்த ஹீரோயின் வேஷத்துக்கு மொதல்ல என் பொண்டாட்டி அசுந்தாவைத்தான் கேட்டாங்க, அவ மேல மீன் வாசனை அடிக்குதுன்னு விட்டுட்டாங்கன்னு சொன்னேன். மேல ஜன்னல் படார்னு திறந்துச்சு. ஏ மனுஷா, நாக்கு அழுகிடும், எவனும் என்னைக் கேக்கல, மீன் வாசனை எங்கப்பா மேல அடிச்சது, என் மேல இல்லன்னு கத்தினா. பசங்க கையைத் தட்டி முத்தத்தைப் பறக்க விட்டாங்க. எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா, கட்டில்லேர்ந்து ஜன்னலுக்கு இவ வந்துட்டாளே, ஊன்றுகோலு இல்லாம வந்துட்டாளேன்னு.

அவ்வளவுதான், மறுநாள்லேர்ந்து அதையே தொழிலா வெச்சுக்கிட்டேன். வர்றவங்ககிட்டல்லாம் ஒரு பொய். படத்துல தெரியிற ரத்தம் எங்கம்மா வெச்ச தக்காளிக் குழம்புன்னேன், ஜன்னல் திறந்துச்சு, உங்கம்மா குழம்பு அவ்வளவு செவப்பா என்னைக்குய்யா இருந்துச்சுன்னா. அந்த ஹீரோவுக்குக் கயிறு குதிக்கச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்னேன், நீ குதிச்சா உன் கால்சட்டை உன் கூடக் குதிக்காதேய்யான்னா. அப்புறம் மெதுவா குரலைக் குறைச்சேன். ஜன்னலுக்குக் கேக்காத மாதிரி கதவை ஒட்டி நின்னு பேசினேன். மாடியில கால் சத்தம் நகர்ந்து வந்து படிக்கட்டு உச்சியில நிக்கும். அங்கேர்ந்து கத்துவா. டாமிக்கா வந்து காலைப் பிடிச்சுப் பார்த்துட்டு, சதை கெட்டியாகியிருக்கே யாரு இவ்வளவு நேரம் நிக்க வெச்சதுன்னா. பொய் நிக்க வெச்சதுன்னேன். இதுக்கு மருந்துச் சீட்டு எழுத முடியாது ஐயா, ஆனா நிறுத்திடாதீங்கன்னா. ஆனா உச்சிப்படி வரைக்கும்தான். அதுக்குக் கீழ எந்தப் பொய்யும் வேலை செய்யல. ஒரு நாள் மண்டையை நீட்டி எட்டிப் பார்த்தேன், கைப்பிடியைப் பிடிச்ச விரலெல்லாம் வெளுத்துப் போய் நின்னா, பார்த்ததும் தண்ணி குடிக்க வந்தேன்னா. உச்சிப்படியில ஏது தண்ணி. நான் சிரிக்கல.

மே மாசக் கடைசியில ஒரு காலை, டாமிக்கா காருக்கு இடம் வேணுமேன்னு வழக்கம்போல சமையக்கட்டு நாற்காலியை ரோட்டுல போட்டு வெச்சுட்டு ரொட்டி வாங்கப் போனேன். திரும்பி வந்தா நாற்காலி நடைபாதையில ஒழுங்கா சுவரை ஒட்டி இருக்கு, ரோட்டுல எவனோ ஒருத்தனோட வண்டி நிக்குது, பக்கத்துல ஒரு குள்ளமான மனுஷன் நல்ல காரியம் பண்ணின முகத்தோட நிக்கிறான், மேல ஜன்னல்ல உங்கம்மா தெருவே கூடுற மாதிரி கத்துறா. யாரு பெத்த புள்ளடா நீ, அடுத்தவன் நாற்காலியைத் தூக்குறியே, உங்க ஊர்ல கல்லறைச் சிலுவையையும் இப்படித்தான் நகர்த்தி வெப்பீங்களான்னு. அந்தாளு பிலிப்பைன்ஸ்காரன், பேரு ரொடேலியோ, கப்பல்ல சமையல்காரனா இருந்து இப்ப ஓய்வு. பாவம், யாரோ மறந்து போட்டுட்டுப் போன நாற்காலி, வண்டி மோதிடப் போகுதுன்னு பத்திரமா எடுத்து வெச்சிருக்கான். நம்ம தெருவுல அது கொலைக்குத்தத்துக்கு அடுத்த குத்தம்னு அவனுக்கு எப்படித் தெரியும். அவன் பொண்டாட்டி மரிசெல் இருக்காளே, அவ மன்னிப்புக் கேக்கல, ஜன்னலைப் பார்த்து, நல்லா கேளுங்க அக்கா, இன்னும் நல்லா கேளுங்க, இந்தாளை முப்பது வருஷமா நான் கேட்டுக் கேட்டுத் தொண்டை வத்திப்போச்சுன்னா. உங்கம்மா ஒரு நிமிஷம் வாயடைச்சுப் போயிட்டா. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் அதைப் பார்த்ததே இல்ல.

அந்த ரொடேலியோ கப்பல்ல அந்தப் படத்தைப் பார்த்தவன், அதுல ஹீரோ மியூசியம் படியில ஓடி ஏறிக் கையைத் தூக்குவானே, அதே மாதிரி எந்தத் துறைமுகத்துல இறங்கினாலும் அங்க ஒரு படிக்கட்டைத் தேடி ஓடி ஏறிக் கையைத் தூக்கி நிப்பானாம். மரிசெலோ, வீட்டுல மாடியிலேர்ந்து துணி எடுத்துட்டு வாய்யான்னா மட்டும் முட்டி வலிக்கும் அக்கா, இப்ப நிஜப் படியைப் பார்க்கணும்னு என்னையும் இழுத்துட்டு வந்துட்டார், காலையிலேர்ந்து நடந்து என் கால் ரெண்டும் ரொட்டி மாவு மாதிரி ஊதிப்போச்சுன்னு சொல்லிட்டு அந்த நாற்காலியிலேயே தொப்புன்னு உக்காந்துட்டா. உங்கம்மாவுக்கு வந்தவங்களை வாசல்ல உக்கார வெக்கப் பொறுக்குமா. உள்ள கூப்பிடுய்யா, காபி போடுய்யான்னு எனக்கு உத்தரவு. நான் போட்டேன். அந்த வாசனை மாடிக்குப் போச்சு போல, என்னத்தைய்யா வேக வெக்கிறே பழைய பூட்ஸான்னு மேலேர்ந்து சத்தம். மரிசெல் ஒரு வாய் குடிச்சுட்டு, அக்கா எங்க கப்பல் எண்ணெய்கூட இதைவிட நல்லா இருக்கும், நீங்க வந்து ஒண்ணு போட்டுக் குடுக்கக் கூடாதான்னு சாதாரணமாத்தான் கேட்டா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. கொஞ்ச நேரத்துல மாடிப்படியிலேர்ந்து ஒரு சத்தம், தொப். இன்னொண்ணு, தொப். ஓடிப்போய்ப் பார்த்தேன். உங்கம்மா சின்னப் புள்ள மாதிரி படியில உக்காந்து உக்காந்து ஒவ்வொரு படியா நழுவி வர்றா, ராத்திரிச் சட்டையை ஒரு கையால இழுத்துப் பிடிச்சுக்கிட்டு. என்னைப் பார்த்ததும், பிலோமினாகிட்ட சொன்னே உன் தாடையைப் பேத்துடுவேன்னா. அதான் சத்தியம். அஞ்சு மாசத்துக்கு அப்புறம் அவ தன் அடுப்பு முன்னால நின்னா கண்ணு. கையை அடுப்பு மேல வெச்சு, என்னய்யா இவ்வளவு பிசுக்குன்னு கேட்டா. அதைவிட இனிப்பா ஒரு வார்த்தை என்கிட்ட அவ பேசினதில்ல.

அன்னைக்குக் காபி, மறுநாள் அவங்களை விருந்துக்குக் கூப்பிட்டுக் குழம்பும் கறியுருண்டையும். பொம்பளைங்க ரெண்டு பேரும் புருஷன்மாரைப் பத்திப் பேசிச் சிரிச்ச சிரிப்புல நானும் ரொடேலியோவும் திட்டு வாங்கின நாய்ங்க மாதிரி தட்டைப் பார்த்து உக்காந்திருந்தோம். ஆனா அப்பவும் உக்காந்துதான் இறங்கினா, நின்னுட்டு இல்ல. நின்னு இறங்கினாத்தானே இறங்கினது. மூணாவது நாள் அவங்களைக் கார்ல மார்க்கெட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்னேன், உன் வாயை நம்பி இவங்களை அனுப்ப மாட்டேன் நானும் வர்றேன்னா. அவங்கப்பாவோட மீன் கடை இருந்த இடத்துல இப்ப மெக்சிகோக்காரங்க சோள ரொட்டி சுடுறாங்க. அந்தப் படத்துக்காக இந்தத் தெருவுல ஓடினாங்களே அப்ப நீங்க இங்கயா இருந்தீங்கன்னு ரொடேலியோ கண்ணு விரிய கேட்டான். இருந்தேன் தம்பி, குனிஞ்சு செதில் சுரண்டிட்டு இருந்தேன், சத்தம் கேட்டு நிமிர்ந்தேன், ஒரு முதுகு தெரிஞ்சுது, அவ்வளவுதான்னா. இத்தனை வருஷமா என்னைத் திருத்தினவளுக்கு இருந்த சொத்து ஒரு முதுகு. ரொடேலியோ அதுக்கே அவ கையைப் பிடிச்சுக் குலுக்கு குலுக்குன்னு குலுக்கினான்.

அங்கேர்ந்து மியூசியம். உலகத்துல இருக்கிறவன் எல்லாம் ஓடி ஏறுற அந்தப் படி. அன்னைக்கும் கூட்டம், ஒருத்தன் கல்யாண உடுப்போட ஓடுறான், ஒரு பாட்டு வேற வெச்சிருக்காங்க. ரொடேலியோ செருப்பை இறுக்கி மாட்டிட்டு சிலுவை போட்டுக்கிட்டு ஓட ஆரம்பிச்சான், பாதியில மூச்சு இரைச்சு உக்காந்துட்டான். எந்திரிய்யா, இதுக்காகத்தான் பாதி உலகத்தைச் சுத்தி என் காலை ஒடிச்சியான்னு மரிசெல் கீழேர்ந்து கத்தினா, எந்திரிச்சு நடந்து போனான். நான் உங்கம்மாகிட்ட, நீ இங்கயே கார்ல இரும்மா, உனக்கு ஏற வேண்டியதில்லன்னேன். ஏற எனக்கு என்னய்யா பயம், கட்டடத்துக்குப் பின்னால இருக்கிற மேட்டுக்குக் காரை விடுன்னா. விட்டேன். இறங்கிக் கட்டடத்தைச் சுத்தி என் தோளைப் பிடிச்சுக்கிட்டு நடந்து முன்பக்கம் படியோட உச்சிக்கு வந்துட்டா. அங்க ரொடேலியோ கையை ரெண்டும் மேல தூக்கிக்கிட்டு நிக்கிறான், கண்ணுல தண்ணி, எதிர்ல நம்ம ஊரு முழுசும் வெயில்ல கெடக்குது. உங்கம்மா ஊரைப் பார்க்கல. படியைப் பார்த்தா. அகலமா, நேரா, கீழ வரைக்கும். விரல் வெளுத்துருச்சு, என் தோள்லயே தெரிஞ்சுது. திரும்பிடலாம்மான்னேன். ஜெர்சியில படி இருக்காதாமேன்னா. நீ கீழ போய் நில்லு, உன் மூஞ்சி தெரியிற மாதிரி நில்லு, பக்கத்துல நின்னா பிடிச்சுக்குவே, நீ பிடிச்சா நானும் பிடிச்சுக்குவேன்னா.

போனேன். என் பொழப்புல நான் இறங்கின நீளமான படி அதுதான். கீழ நின்னு திரும்பிப் பார்க்கிறேன், அத்தனை பேரும் மேல ஓடுறாங்க, ஒரே ஒருத்தி கீழ வர்றா. கருப்புக் கைப்பை, ஞாயித்துக்கிழமை செருப்பு. ஒரு கால் வெச்சு, இன்னொரு காலை அதுகிட்ட கொண்டுவந்து சேர்த்து, நின்னு, மறுபடி. மரிசெல் ஏறிப்போய் ரெண்டு படி முன்னால பின்பக்கமா இறங்கிக்கிட்டே வந்தா, கையை நீட்டல, அவ பாட்டுக்குத் தன் மாமியாரைப் பத்தி என்னமோ பேசிக்கிட்டே வந்தா. ஓடி வந்த பசங்க ஒதுங்கி வழி விட்டாங்க, எவனோ கை தட்ட ஆரம்பிச்சான், எல்லாம் தட்டினாங்க. உங்கம்மா நின்னு, சும்மா இருங்கடா, எந்தக் கால்னு மறந்து போகுதுன்னு ஒரு அதட்டு. கப்சிப்புன்னு அடங்குச்சு. நடுவுல ஒரு இடத்துல ரொம்ப நேரம் நின்னுட்டா. கால் முன்ன வரல. எனக்கு ஒரு பொய்யாவது வாயில வரணுமே, ஒண்ணும் வரல பிலோமினா, தொப்பியைக் கழட்டிக் கையில பிடிச்சுக்கிட்டு அவளையே பார்த்துட்டு நின்னேன். அப்புறம் அந்த அடிபட்ட கால் மெதுவா கீழ வந்துச்சு. கடைசிப் படியை விட்டுத் தரையில நின்னதும் என்ன சொன்னா தெரியுமா, தொப்பியைப் போடுய்யா, வெயில்ல மண்டை வேகுதுன்னா. காது மடலைப் பார்த்தேன். செவக்கல.

அவங்க ரெண்டு பேரும் போன வாரம் ஊருக்குக் கிளம்பிட்டாங்க, உங்கம்மா மரிசெலுக்கு உன் பழைய கம்பளிச் சட்டையைக் குடுத்துட்டா, கோவிச்சுக்காதே. டாமிக்காவுக்கு ஒரு பெரிய பாத்திரம் நெறையக் குழம்பு. இன்னைக்கு அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி நான் ஏத்தினேன், நான் கோவிலுக்கு உள்ள வந்ததைப் பார்த்து சாமியாரே ஆச்சரியப்பட்டார். யாருக்கு நன்றி சொல்லணும்னு யோசிச்சா முடிவே இல்ல, முன்ன பின்ன தெரியாத சனம் எங்கேர்ந்தோ ஒரு படத்தைப் பார்த்துட்டு வந்து நம்ம வீட்டு விளக்கை ஏத்தி வெச்சுட்டுப் போயிருக்கு. உனக்கும் நன்றி கண்ணு, நீ ஜெர்சின்னு மிரட்டலேன்னா அவ அந்த உச்சியில நின்னிருக்க மாட்டா. ஆகஸ்டுல கண்டிப்பா வா, வீடு பார்க்க வராதே, எங்களைப் பார்க்க வா. மாப்பிள்ளைக்குப் பாட்டில்ல விக்கிற தக்காளிச் சாறை ஊத்திக் குழம்புன்னு போடாதே, அவன் நல்லவன், சொல்ல மாட்டான், ஆனா மனசுக்குள்ள அழுவான். குளிர் காலம் அங்க இப்பத்தானாமே, காதை மூடிக்கிட்டு வெளிய போ. அந்த உக்காந்து நழுவின விஷயம் உனக்குத் தெரியும்னு காட்டிக்காதே, என் தாடை எனக்கு வேணும். ஆண்டவரும் மாதாவும் உன்னையும் மாப்பிள்ளையையும் எந்நேரமும் கைக்குள்ள வெச்சுக் காக்கட்டும், நீ நெனச்சது நடக்கட்டும், தீர்க்காயுசா இருங்க.

இன்னும் எழுதலாம், முடியல. நான் மாடியில உன் பழைய மேசையில உக்காந்து எழுதுறேன், சோறு ஆறுது எங்கய்யா தொலைஞ்சேன்னு உங்கம்மா கூப்பிடுறா. கீழேர்ந்து கூப்பிடுறா, கேட்டுக்கோ.

உன் அப்பன்
நுன்சியோ